முப்பதைக் கடந்தவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம்

2011 டிசம்பரில் தெற்குக் கலிஃபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் அணி, ஆல்பர்ட் பூஹோல்ஸ் என்ற பேஸ்பால் வீரரோடு பத்து ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதம் அவருக்கு 32 வயது. ஒப்பந்தம் முடியும்போது 41 ஆகியிருக்கும். சம்பளம் ஏறுமுகமாக எழுதப்பட்டது. முதல் ஆண்டு 1.2 கோடி, இரண்டாம் ஆண்டு 1.6 கோடி, மூன்றாம் ஆண்டு 2.3 கோடி, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பத்து லட்சம் கூடிப் பத்தாம் ஆண்டில் 3 கோடி டாலர். உடல் இறங்கும் காலத்தில் ஊதியம் ஏறுகிறது.

இதைப் படித்ததும், முதலாளிகளுக்குப் பணம் கொழுத்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடத் தோன்றும். அப்படி நகர்ந்தால் இதில் உள்ள நுட்பத்தைத் தவறவிடுவோம். அமெரிக்க பேஸ்பால் அணிகளின் அலுவலகங்களில் புள்ளியியலும் பொருளாதாரமும் படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். வயதானால் வீரர் தளர்வார் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு மனித உடலின் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு விலை வைக்கும் அந்தக் கலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விதி. மேஜர் லீக் பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை அநேகமாக முழுக்க உறுதி செய்யப்பட்டது. வீரர் சரியாக ஆடாவிட்டாலும், காயம்பட்டு வீட்டில் இருந்தாலும், அணியே அவரை வெளியே அனுப்பினாலும் எழுதிய பணம் போய்ச் சேர வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் அப்படியில்லை. அங்கே பெரிய ஒப்பந்தங்களிலும் பெரும்பாலும் ஒரு பகுதிக்கு மட்டுமே உத்தரவாதம், மிச்சத்தை அணி கைவிட்டுவிடலாம். பேஸ்பாலில் கையெழுத்துப் போட்டபின் பின்வாங்க வழி இல்லை.

இரண்டாவது விதிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஒரு காலத்தில் வீரர் ஆயுள் முழுக்க ஒரே அணிக்குக் கட்டுப்பட்டவர். கர்ட் ஃப்ளட் என்ற கார்டினல்ஸ் வீரர் 1969-ல் தன்னை வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து நீதிமன்றம் போனார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. ஆனால் அவர் திறந்த வழியில் வந்த ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பந்துவீச்சாளர்களுக்கு 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே வீரர்கள் சங்கமும் முதலாளிகளும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் ஆடி முடித்தவர் சுதந்திர வீரர், விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். அந்த ஆறு ஆண்டு இன்றும் மாறவில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒருவர் 23, 24 வயதில் மேஜர் லீகுக்குள் நுழைகிறார். ஏறத்தாழ முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய சம்பளம். அடுத்த மூன்று ஆண்டுகள் நடுவர் தீர்ப்பின் வழியாகக் கொஞ்சம் உயர்வு. சந்தைக்கு வரும்போது அவருக்கு 29 அல்லது 30 வயது. பேஸ்பாலில் ஒரு பேட்டரின் உச்சம் எந்த வயதில் என்று 1982-லேயே பில் ஜேம்ஸ் கணக்கிட்டு 27 என்று சொன்னார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஓரிரு ஆண்டு முன்பின்னாகச் சொன்னாலும், உச்சம் முப்பதுக்கு முன்பே என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, உச்சத்தில் இருக்கும்போது மலிவு, உச்சம் கடந்தபின் முழு விலை.

பூஹோல்ஸையே எடுத்துக்கொள்வோம். 2001-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் அவருக்கு முதல் ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் டாலர். அந்த ஆண்டு 37 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தார், சிறந்த புதுமுகம் என்ற விருதும் பெற்றார். 2004-ல் ஏழு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். அங்கே ஆடிய பதினோரு பருவங்களில் 445 ஹோம் ரன்கள், மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது, 2006, 2011 என, பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரில் இரண்டு வெற்றிகள். ஆயிரம் முறை பேட் செய்தால் 328 முறை ஹிட் என்ற சராசரி. ஆயிரத்துக்கு முந்நூறு இருந்தாலே நட்சத்திரம் என்று கொண்டாடும் ஆட்டம் இது. அந்தப் பதினோரு ஆண்டுகளின் உண்மையான விலையை கார்டினல்ஸ் கொடுக்கவேயில்லை. கொடுத்தது ஏஞ்சல்ஸ். மூத்த வீரர்களின் ஒப்பந்தங்களைப் பேராசை என்று திட்டுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை என்பது என் குறை. உழைப்பை வாங்கிக்கொண்டது ஓர் அணி, கூலி கொடுத்தது இன்னொரு அணி.

சரி, விலை எப்படி வைக்கிறார்கள்? 'வார்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் அளவுகோல் உண்டு. எளிதாகக் கிடைக்கும் ஒரு சாதாரண மாற்று வீரரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கிடைப்பதைவிட, இவரால் அணிக்கு ஒரு பருவத்தில் எத்தனை வெற்றிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கணக்கு. பருவத்துக்கு 162 ஆட்டங்கள். இதில் ஐந்து வெற்றிகள் கூட்டுபவர் நட்சத்திரம், எட்டு கூட்டுபவர் அபூர்வம். சுதந்திரச் சந்தையில் ஒரு வெற்றிக்கு 80 லட்சம் டாலர் விலை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

31 வயது வீரர் ஒருவர் இந்த ஆண்டு 5 வெற்றிகள் கூட்டுவார், ஒவ்வொரு ஆண்டும் அரை வெற்றி குறையும் என்று கொள்வோம். 5, 4.5, 4 என்று இறங்கிப் பத்தாம் ஆண்டில் 0.5. கூட்டினால் 27.5 வெற்றிகள், அதாவது 22 கோடி டாலர். பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.2 கோடி என்பது நியாய விலையாகிவிடுகிறது! முதல் ஐந்து ஆண்டுகளில் அணி 11 கோடி கொடுத்து 16 கோடி மதிப்புள்ள ஆட்டத்தைப் பெறுகிறது. அடுத்த ஐந்தில் 11 கோடி கொடுத்து 6 கோடி மதிப்பைப் பெறுகிறது. பின்பாதியில் நஷ்டம் வரும் என்பது கையெழுத்திடும் நாளிலேயே எழுதிவைத்த செய்தி. முன்பாதியின் லாபத்துக்கு அதுதான் விலை. எட்டாம் ஆண்டில் தடுமாறும் வீரரைக் காட்டி ஒப்பந்தமே தவறு என்று சொல்வது இதனால்தான் சரியல்ல. முதல் ஐந்து ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், அந்த அரை வெற்றியில். ஆண்டுக்கு 0.5 குறைவதற்குப் பதில் 0.8 குறைந்தால், ஏழாம் ஆண்டுக்குள் எல்லாம் தீர்ந்து மொத்தம் 18 வெற்றிகள்தான் தேறும். மதிப்பு 14.5 கோடி. ஏழரைக் கோடி டாலர் காற்றில் போகிறது. சரிவின் சாய்வில் ஒரு சிறு பிழை, அது பத்து ஆண்டுகளில் மலையாகிறது.

அந்தச் சாய்வை ஏன் துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை? உடலின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. ஓட்ட வேகம் முதலில் போகிறது, இருபதுகளிலேயே இறங்கத் தொடங்கும். அதோடு ஃபீல்டிங்கும் குறையும். எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது என்ற பொறுமையோ அனுபவத்தால் வளரவும் செய்யும். அடிக்கும் பலம் நடுவில் நிற்கிறது. பிட்சர் 18.4 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வீசும் பந்து 0.4 விநாடியில் பேட்டரிடம் வந்துவிடும். தீர்மானிப்பதும் சுழற்றுவதும் அதற்குள் முடிய வேண்டும். இதில் இமைப்பொழுதின் ஒரு பகுதி தாமதமானாலும், பலம் அப்படியே இருக்க, பந்து மட்டும் பேட்டில் சரியாகப் படாமல் போகும். அந்தத் தாமதம் ஒருவருக்கு 38-ல் வரும், இன்னொருவருக்கு 32-ல் வரும். ஆயிரம் வீரர்களின் சராசரியை வரைபடமாக வரையலாம். ஒப்பந்தம் போடுவதோ ஒரு வீரரோடு.

பால்டிமோர் ஓரியோல்ஸ் 2016 ஜனவரியில் கிறிஸ் டேவிஸோடு ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் என்று கையெழுத்திட்டது. 2018-ல் அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 168-ஆக விழுந்தது. அந்தப் பருவத்தின் கடைசியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் சேர்த்துத் தொடர்ந்து 54 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லை. 2021-ல் ஓய்வு பெற்றார். தொகையில் ஒரு பகுதி தள்ளிவைக்கப்பட்டதால் 2037 வரை அவருக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் கதை இன்னும் பெரிய பாடம். 2015-ல் 30 வயது மேக்ஸ் ஷெர்சரோடு ஏழு ஆண்டு, 21 கோடி டாலர். பிட்சரின் தோளும் முழங்கையும் எந்த நாளும் அறுந்துபோகக்கூடியவை, பேட்டரைவிடப் பிட்சருக்கு நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்பது இந்தத் தொழிலில் பழைய எச்சரிக்கை. ஷெர்சர் 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். 2019-ல் அணி உலகத் தொடரை வென்றது. அந்த வெற்றித் தொடரின் நாயகன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க். அதே ஆண்டு டிசம்பரில் அவரோடும் அதே ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி போட்டார்கள். அதன்பின் அவரால் ஆட முடிந்தது எட்டே ஆட்டங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நெரிபடும் கோளாறு அவரை முடக்கியது. ஒரே அணி, ஒரே நீளம், ஏறக்குறைய ஒரே வயது. இருவரில் யார் நிலைப்பார், யார் முடங்குவார் என்று உறுதியாக முன்கூட்டிச் சொல்லும் கருவி மருத்துவப் பரிசோதனையிலும் புள்ளிவிவரத்திலும் இல்லை.

ஆபத்தைக் குறைக்க அணிகள் சில வழிகளைக் கண்டிருக்கின்றன. காப்பீடு ஒன்று. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸின் பிரின்ஸ் ஃபீல்டர் 2016-ல் 32 வயதில் கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை விட வேண்டி வந்தபோது, மீதிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. ஆனால் காப்பீடு காயத்துக்குத்தான். திறமை மங்குவதற்கு யாரும் காப்பீடு தருவதில்லை. பணத்தைத் தள்ளிக் கொடுப்பது இன்னொரு வழி. ஒன்பது ஆண்டு கழித்துத் தரும் 3 கோடி டாலரின் இன்றைய மதிப்பு, ஐந்து சதவீத வட்டியில் 1.93 கோடிதான். பூஹோல்ஸின் சம்பளம் ஏறுமுகமாக இருந்ததன் சூட்சுமத்தில் பாதி இது. 2023-ல் ஷோஹெய் ஒடானி டாட்ஜர்ஸ் அணியோடு போட்ட 70 கோடியில் 68 கோடி, 2034 முதல் 2043 வரை தரப்படும்.

மூன்றாவது, நீளத்தையே கருவியாக்குவது. அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். 2025-ல் அந்த வரம்பு 24.1 கோடி. வரிக்கு எடுத்துக்கொள்வது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. சான் டியேகோ பாட்ரெஸ் 2022 டிசம்பரில் 30 வயது சாண்டர் போகார்ட்ஸுக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு 28 கோடி கொடுத்தது. சராசரி சுமார் 2.55 கோடி. இதே தொகையை ஏழு ஆண்டுகளுக்கு எழுதியிருந்தால் ஆண்டுக்கு 4 கோடி. நாற்பது வயதிலும் அவர் நன்றாக ஆடுவார் என்று யாராவது நம்பினார்கள் என்பதற்கு அந்தப் பதினோரு ஆண்டு சான்றாகாது. ஏழெட்டு ஆண்டு ஆட்டத்தின் விலை பதினோரு தவணைகளாகப் பிரிந்திருக்கிறது என்று படித்தால் பொருள் விளங்கும்.

எந்தக் கணக்கிலும் வராத ஒரு செலவு உண்டு. அதுதான் மிகக் கொடியது என்று நினைக்கிறேன். இவ்வளவு கொடுக்கிறோமே என்பதற்காகவே ஒருவரைத் தொடர்ந்து ஆட வைப்பது. 2013-ல் பூஹோல்ஸின் பாதத்தில் திசு கிழிந்து 99 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. பிறகு கால்கள் பழையபடி திரும்பவில்லை. ஆனாலும் பேட்டிங் வரிசையின் நடுவிலேயே வைத்திருந்தார்கள். 2017-ல் 101 ரன்களை உள்ளே கொண்டுவந்தார், கேட்கப் பெரிதாக இருக்கும். அவருக்கு முன்னால் ஆடியவர்கள் பேஸ்களில் நிறைந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். 'வார்' கணக்கில் அந்த ஆண்டு அவர் பூஜ்யத்துக்குக் கீழே. கொடுத்த பணம் கொடுத்ததுதான், அந்த இடத்தில் ஓர் இளைஞரை நிறுத்துவதற்குத் தனியே செலவில்லை. இது ஏட்டில் எளிது. 600-வது ஹோம் ரன்னை நோக்கிப் போகும் ஒருவரை, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டும் ஒருவரை, வெளியே உட்கார வைப்பது மேலாளருக்கு எளிதல்ல. அவரை வேறு அணிக்கு மாற்றவும் அவருடைய சம்மதம் வேண்டும். அப்படி மாற்ற முடிந்தாலும் செலவு உண்டு. சியாட்டில் மரினர்ஸ், தான் 24 கோடிக்கு வாங்கிய ராபின்சன் கனோவை 2018-ல் மெட்ஸ் அணியின் தலையில் இறக்கிவைக்க, 57 ஆட்டங்களை வெற்றியாக முடித்துக் கொடுத்த இளம் பிட்சர் எட்வின் டியாஸையும் கூடவே அனுப்ப வேண்டியிருந்தது, 2 கோடி டாலரும் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏஞ்சல்ஸ் கணக்கு இப்படி முடிந்தது. கார்டினல்ஸில் 80-ஐத் தாண்டியிருந்த பூஹோல்ஸின் மொத்த 'வார்', ஏஞ்சல்ஸில் 15-ஐக்கூட எட்டவில்லை. அணி ஒரே ஒரு முறை, 2014-ல், இறுதிக்கட்டப் போட்டிகளுக்குப் போய் ஓர் ஆட்டமும் வெல்லாமல் திரும்பியது. 2021 மே மாதம் அவரை விடுவித்தது. அவரை இழந்த கார்டினல்ஸுக்கு ஈடாக இளம் வீரர் தேர்வில் இரண்டு இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் மைக்கேல் வாக்கா என்ற பிட்சரை எடுத்தார்கள். 2013-ல் கார்டினல்ஸ் உலகத் தொடருக்குப் போனபோது, அதற்கு முந்தைய தொடரின் நாயகன் வாக்கா. பூஹோல்ஸ் 2022-ல் பழைய அணிக்கே 25 லட்சம் டாலருக்குத் திரும்பினார். 42 வயதில் 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703-ஓடு ஓய்வு பெற்றார். உடலைப் பற்றிய எந்தச் சாய்வுக்கோடும் அந்த 24-ஐ முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஆறு ஆண்டு விதி இருக்கும்வரை பழுத்த வீரர்களுக்கான நீண்ட ஒப்பந்தங்களும் இருக்கும். 2021-ல் முதலாளிகள் வேறொன்றை முன்வைத்தார்கள்: ஆண்டுக் கணக்கு வேண்டாம், 29½ வயதானால் சுதந்திரம். வீரர்கள் சங்கம் ஏற்கவில்லை. தாமதமாக நுழைபவர்களுக்கு அது நல்லது, மிகச் சிறந்தவர்களுக்குத் தண்டனை. 19 வயதில் நுழைந்த ஹுவான் சோட்டோ 26 வயதில், உச்சத்துக்கு முன்பே, சந்தைக்கு வந்ததால்தான் 2024 டிசம்பரில் மெட்ஸோடு பதினைந்து ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலருக்குப் பேரம் பேச முடிந்தது. வயதைக் கணக்காக வைத்திருந்தால் அவர் இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருப்பார். ஆறு ஆண்டை நான்காகவோ ஐந்தாகவோ குறைப்பதே நேரான தீர்வு என்பது என் எண்ணம். 2022 மார்ச்சில் இரு தரப்பும் செய்துகொண்ட உடன்பாடு 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. அதற்குப் பிறகான மேசையில் இந்த ஆறு மறுபடி பேச்சுக்கு வரலாம்.