ஓசூருக்கு ஏற்ற ஒரு பொழுதுபோக்கு

1980-களிலிருந்து ஓசூரில் அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். இருசக்கர வண்டிகளும் உருவாகின்றன. 2021 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. இவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகளும், அடிபட்ட வண்டிக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் டிங்கரிங் பட்டறைகளும் சுற்றிலும் நிறைந்திருக்கின்றன. வண்டியின் மேற்பூச்சை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இவ்வளவு இருக்கும் ஊரில், மாதிரிக் கார்களைப் பூட்டி, தேய்த்து, நிறமேற்றும் பொழுதுபோக்கு பரவலாக வேரூன்ற வேண்டும். அது வெறும் சிறுபிள்ளை விளையாட்டு அல்ல. ஒரு பரப்பை எப்படிப் பார்ப்பது, எப்படி முடிப்பது என்று கண்ணுக்கும் கைக்கும் கற்றுத்தரும் தொழில்நுட்பப் பயிற்சி.

இது ஏன் கடினம் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நிஜக் காரின் தகட்டின் மேல் உள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். 24-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில் அதே கனத்துக்குப் பெயின்ட் ஏறினால், அது நிஜக் காரின் மேல் 2.4 மில்லிமீட்டர் பெயின்டை அப்பியதற்குச் சமம். கதவுக்கும் உடலுக்கும் நடுவே நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்காகிவிடும். இரு ஓரங்களிலும் அந்தக் கனத்தில் பெயின்ட் படிந்தால் கோடே அடைந்துபோகும். ஆகவே பெயின்டைத் தொடும் முன்பே கூரான கருவியால் கோடுகளை ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. நிறத்தையும் ஒரே மூச்சில் அடிக்காமல், பனி படிவதுபோல் மெல்லிய பல பூச்சுகளாக ஏற்ற வேண்டியிருக்கிறது. மெட்டாலிக் நிறத்திலும் இதே சிக்கல்தான். 25 மைக்ரான் அலுமினியத் துகள் மாதிரியின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் பெரிய துகளாகத் தோற்றமளிக்கும். அதனால் மிக நுண்ணிய துகள் உள்ள பெயின்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். நிஜ வண்டியின் பெயின்டை அப்படியே எடுத்துப் பூசினால் மாதிரி பொம்மையாகத்தான் தெரியும்.

வேலையின் வரிசையோ தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பைப் போன்றதே. அங்கே தகட்டைக் கழுவி எண்ணெய்ப்பசை நீக்கி, பாஸ்பேட் படலம் ஏற்றி, மின்சாரத்தின் உதவியால் துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று அடுக்கி அடுப்பில் உலர்த்துகிறார்கள். மாதிரி செய்பவர் பிளாஸ்டிக் உடலைச் சோப்புநீரில் கழுவுகிறார், பிரைமர் அடிக்கிறார், வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்கிறார், நிறமும் கிளியரும் ஏற்றி, காயவிட்டு, பாலிஷ் போடுகிறார். ஒவ்வொரு பிழையும் அவருக்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. கைவிரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி விழும். ஏர் பிரஷ்ஷைத் தூரத்தில் பிடித்தாலோ தின்னர் குறைந்தாலோ மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். கிட்டத்தில் பிடித்தால் வழியும். எனாமல் பெயின்டின் மேல் காரமான லேக்கரை அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். வகுப்பில் பாடமாகக் கேட்டால் மறந்துபோகும் இவை, பல மாலைகள் பாடுபட்ட வேலை ஒன்று கெட்டுப்போகும்போது மனத்தில் பதிந்துவிடும்.

ஆலையில் பெயின்ட் அடிப்பது இன்று ரோபோ. பிறகு மனிதன் எதற்குக் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ரோபோ அடிக்கும், உண்மைதான். ஆனால் அடித்தது சரியா, தவறென்றால் காரணம் எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிப்பதும், குறையைச் சீர்செய்வதும் பழகிய கண்ணையே நம்பியிருக்கின்றன. ஆலையில் ஒருவர் பெரும்பாலும் ஒரு கட்டத்தை மட்டுமே பார்க்கிறார். மாதிரி செய்பவர் முதலிலிருந்து முடிவுவரை எல்லாக் கட்டங்களுக்கும் தாமே பொறுப்பு. இதன் மதிப்பை அமெரிக்கக் கார்த்தொழில் முன்பே உணர்ந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பதின்வயதுச் சிறுவர்களுக்காக ஒரு போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் அலங்காரக் குதிரைவண்டி மாதிரி. பின்னர், சொந்தமாக வடிவமைத்துச் செதுக்கி நிறமேற்றிய கார் மாதிரி. வென்றவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன், 1986-இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். அந்தப் போட்டியில் தேறிய வேறு பலரும் கார் வடிவமைப்பாளர்களானார்கள்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. அளவு சுருக்கிய மாதிரிகளும் அந்த வகைக்குள்தான் வருகின்றன. ஜப்பானிய கிட் ஒன்றும் நல்ல கம்ப்ரசரும் வாங்குவது ஒரு தொழிலாளிக்குச் சுமைதான். ஆனால் தொடங்குவதற்கு இரண்டும் தேவையில்லை. கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய உலோகக் காரின் பழைய பெயின்டை உரித்து, தேய்த்து, மறுபடி நிறமேற்றினாலே பாதிக் கலை கைக்கு வந்துவிடும். இது அந்நியப் பழக்கம் என்ற எண்ணத்துக்கும் அருகிலேயே பதில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில், கடைசலில் சுழலும் மரத்தின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டிலேயே உருக்கிப் படியவைத்து, தாழை ஓலையால் பளபளப்பேற்றுகிறார்கள். சிறிய பொருளைக் குறையின்றி முடிப்பதில் பெருமை கொள்ளும் மரபு இந்த வட்டாரத்துக்கு உரியதே.

உடல்நலம் பற்றிய கவலையைத்தான் எளிதாக ஒதுக்கக் கூடாது. தின்னர் ஆவி நுரையீரலுக்கும் நரம்புகளுக்கும் கெடுதல். கடினமாக்கி கலக்கும் இருகூறு கிளியர் கோட்டில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது; வீட்டுக்குள் அதற்கு இடமே தரக்கூடாது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், காற்று வெளியேறும் வழியும் வேண்டும். மாணவர்களுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டும் தூரிகையும் போதும். பாதுகாப்பாக வேலை செய்யும் வழக்கத்தை இங்கே பழகியவர் நாளை பட்டறையிலும் அதைக் கைவிட மாட்டார்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் மாலை நேரத்தில் ஓர் அறையையும் காற்றை வெளியேற்றும் ஒரு பெட்டியையும் ஒதுக்கலாம். ஆலைகள் ஆண்டுக்கு ஒருமுறை போட்டி வைத்து, தங்கள் பெயின்ட் ஷாப்பில் அனுபவம் பெற்றவர்களை நடுவர்களாக அனுப்பலாம். பரிசாக ஒரு கல்வி உதவித்தொகை கொடுத்தால் பெற்றோரின் தயக்கமும் குறையும். பிறர் வரைந்த வண்டிகளுக்குப் பல ஆண்டுகளாக நிறமேற்றிவரும் இந்த ஊரிலிருந்து, வண்டியை வரைபவர்களும் வரவேண்டும். அதற்கு இதைவிட மலிவான தொடக்கம் கிடைப்பது அரிது.