மிதியின் இறுக்கம்

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குக் காரோட்டிச் சென்றிருக்கிறீர்களா? வளைவில் கால் சற்றே குலுங்கினாலும், எண்ணெய் மிதி மெத்தென்று இருந்தால் வண்டி திமிறும். அதனால்தான் விரைவுக்கார் வைத்திருப்போர் மிதியை இறுக்க விரும்புகிறார்கள்.

புரோட்டான் சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களில், மிதியை அழுத்தினால் கேபிள் இழுபட்டு, எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியிலுள்ள தட்டு திறக்கும். காலை எடுத்தால் ஒரு சுருள்வில் அதை மூடும். மிதியருகே இன்னொரு சுருள்வில்லைப் பூட்டினால் மிதி இறுகும். கேபிளுக்கும் பாரம் ஏறாது.

அப்படியானால் பழைய வில்லைக் கழற்றிவிடலாமா? கூடவே கூடாது! கேபிள் கயிறு போன்றது, இழுக்கும், தள்ளாது. மிதி மேலே வந்துவிட்டாலும் தட்டை மூடுவது அந்தப் பழைய வில்தான். அது இல்லையேல் காலை எடுத்த பின்னும் வண்டி பாயும்.

வேலை முடிந்ததும், எஞ்சினை முடுக்காமலே மிதியை முழுக்க அழுத்தி விட்டுப் பாருங்கள். மிதியும் தட்டும் உடனே மீள வேண்டும். கால்விரிப்பில் எதுவும் சிக்கக்கூடாது.

இன்றைய மின்னணு மிதிகளில் வில்லும் உணர்கருவியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றில் கை வைக்க வேண்டாம். மீளாத மிதிக்காக 2010இல் டொயோட்டா நிறுவனம் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததே! மிதி இறுகலாம், மீளாமல் நிற்கலாகாது.