ப்ரோ, அந்த ஆங்கரை ஒரு தடவை பாக்கறீங்களா?

பாதாமி போயிருக்கீங்களா? கர்நாடகாவில், சாளுக்கியர்கள் குகைக்கோயில் குடைந்த ஊர். அந்த ஊரின் சிவப்பு மணற்கல் பாறைகள் ராக் கிளைம்பிங் பண்ணுறவங்களுக்கும் ரொம்பப் பிடித்த இடம். லீவு நாளில் போனால் ஒரே பாறையில் மூணு நாலு குழு பக்கத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும். யாருக்கும் யாரையும் தெரியாது. பக்கத்துக் குழு செய்யுறது ஆபத்துன்னு உங்களுக்குப் பட்டால் வாயைத் திறப்பீங்களா, மாட்டீங்களா?

போன டிசம்பரில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. ஒரு ரூட் முடித்து இறங்கும்போது பக்கத்து ரூட்டின் ஆங்கர் கண்ணில் பட்டது. இரண்டு போல்ட். இரண்டின் வழியாகவும் ஒரே நைலான் ஸ்லிங்கை நுழைத்து முக்கோணமாகக் கட்டியிருந்தார்கள். அந்த ஸ்லிங்குக்குள்ளேயே நேராகக் கயிறு போகுது. நடுவில் ஒரு கேரபினர்கூட இல்லை. கீழே முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசுள்ள ஒரு பையனுக்கு ஹார்னஸ் மாட்டிக்கொண்டிருந்தார். பையன் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது, இதுதான் முதல் தடவைன்னு.

முதலில் அந்த முக்கோணம். இதற்கு 'அமெரிக்கன் டெத் ட்ரையாங்கிள்' என்றே பெயர். ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க. இரண்டு போல்ட்டிலிருந்தும் தனித்தனி ஸ்லிங் V வடிவில் இறங்கி, கீழே 90 டிகிரியில் சேர்ந்தால், ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுமையில் 71 சதவீதம் போகும். அதே 90 டிகிரியில் முக்கோணமாகக் கட்டினால் 131 சதவீதம். 120 டிகிரிக்கு V-யில் 100, முக்கோணத்தில் 193. காரணம் மேலே படுக்கையாக ஓடும் அந்த மூன்றாவது பக்கம். அது இரண்டு போல்ட்டையும் சும்மா உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

பேர் பயங்கரமா இருந்தாலும், உண்மையைச் சொல்லணும்னா என்னைப் பயமுறுத்தியது முக்கோணம் இல்லை. நல்ல போல்ட் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கும், டாப்-ரோப்பில் வரும் சுமை அதில் சின்னப் பங்குதான். பயம் நைலான்மேல் நைலான் உரசுவதில். ஆளைக் கீழே இறக்கும்போது பல மீட்டர் கயிறு ஸ்லிங்கின் அதே ஒரு சென்டிமீட்டரில் உரசிக்கொண்டே ஓடும். சூடு கயிற்றில் நீளத்துக்கும் பரவிவிடும், ஸ்லிங்கில் ஒரே புள்ளியில் சேரும். கயிற்றுக்குப் பயன்படும் நைலான் 220 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும். அதற்கு முன்பே பலம் போய்விடும். இந்த அமைப்பில் பையன் ஏறும்போதுகூட பெரிய சிக்கல் இல்லை, முழு எடையோடு இறக்கும்போதுதான் சிக்கல்.

இவ்வளவும் தெரிந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷூவைக் கழற்றினேன். தண்ணி குடித்தேன். சுற்றிப் பார்த்தேன். இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்போ சரியாத்தான் இருக்கும் போல...

1968-ல் லத்தானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்களை ஒரு அறையில் ஃபார்ம் நிரப்ப வைத்துவிட்டு, சுவர் வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுக்காமல் உட்காரும்படி சொல்லி வைத்திருந்த இருவரோடு இருந்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். பாறையடியில் நான் அந்த மிச்சம் 90-ல் ஒருத்தன்.

இன்னொரு தயக்கமும் இருந்தது. அவர் என்னைவிட சீனியர் மாதிரி தெரிந்தார். ஆனால் அனுபவம் மறதியைத் தடுக்காது. லின் ஹில் உலகின் முன்னணி கிளைம்பர்களில் ஒருவர். 1989-ல் பிரான்சில் கயிற்று முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஷூ லேஸ் கட்டப் போனவர், திரும்ப முடிச்சுக்கு வரவே இல்லை. மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். 1993-ல் எல் கேபிடன் பாறையின் 'தி நோஸ்' ரூட்டை முதன்முதலாக ஃப்ரீ கிளைம்ப் செய்ததும் இவரேதான். முடிச்சு போடும்போது பக்கத்தில் ஒருத்தர் எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தால் போதும்.

அதுக்காகக் கண்ணில் பட்டதுக்கெல்லாம் கருத்து சொல்லக் கிளம்பாதீங்க. கயிறே இல்லாமல் ஏறுகிறவருக்குத் தான் என்ன செய்கிறோம்னு தெரியும், நடுவழியில் அவர் கவனத்தைக் கலைப்பதுதான் ஆபத்து. நமக்குப் பழக்கமான ஃபிகர் எட் இல்லாமல் வேற முடிச்சு போட்டிருந்தால் அது தப்புன்னு அர்த்தமில்லை. இடுப்பைச் சுற்றிக் கயிறு பிடித்து பிலே செய்வது பழைய முறை, சில இடங்களில் இன்றும் சரியான முறை. "காலை அங்க வை, கையை இங்க வை" டைப் அட்வைஸை யாரும் கேட்கலை. நான் பார்ப்பது ஒன்றுதான்: இதில் விழப்போகிறவருக்கு ஆபத்து தெரியுமா? அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் அந்த அண்ணனை நம்பி நிற்கிறான்.

சொல்வதென்றால் ஆள் தரையில் இருக்கும்போதே சொல்லுங்க. எல்லோர் முன்னாடியும் கத்தாமல், பொறுப்பில் இருப்பவரிடம் போய்க் கேள்வியாகக் கேளுங்க. ஏற்கெனவே ஆள் மேலே போய்விட்டால் ஏறுகிறவரைக் கூப்பிடாதீங்க, பிலேயரிடம் போங்க. என் கேஸ் மாதிரி நைலான் உரசல்னா "இறக்காதீங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லி, மேலே யாராவது கேரபினரோடு போகும்வரை கயிற்றை ஓடவிடாமல் வைக்கணும்.

நான் போய், "ப்ரோ, கயிறு நேரா ஸ்லிங்லயே ஓடுற மாதிரி இருந்துச்சு, ஒரு தடவை பாக்கறீங்களா?"ன்னு கேட்டேன். அவருக்குக் கோபம். "பத்து வருஷமா ஏறுறேன். காலையில நானே இதுலதான் இறங்கினேன்" என்றார். என்கிட்ட ரெண்டு கேரபினர் எக்ஸ்ட்ரா இருக்குன்னு நீட்டினேன். வாங்கலை. பையன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அவரே தன் பையிலிருந்து கேரபினர்களை எடுத்துக்கொண்டு, சுற்றுப்பாதையில் மேலே நடந்து போனார்.

திரும்பி வந்தவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. கழற்றிய ஸ்லிங்கை என் பக்கம் நீட்டினார். கயிறு ஓடிய இடத்தில் மட்டும் நைலான் பளபளன்னு கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. வளைத்துப் பார்த்தேன், சின்னதா ஒரு சத்தத்தோட வெடிச்சுது.