உதைக்கு அஞ்சும் கை

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுனில் எங்கள் எதிர்வீட்டு இளைஞர் ஒருவர் கைத்துப்பாக்கிப் போட்டிகளிற் பழகி வருகிறார். பாட்டனார் மதராஸ் சாப்பர்ஸ் படையில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே அவ்வீட்டில் துப்பாக்கிப் பேச்சு புதிதன்று. காற்றுத் துப்பாக்கியில் நல்ல புள்ளிகள் எடுத்துவந்த அவ்விளைஞர், .32 துப்பாக்கிக்கு மாறிய சில மாதங்களில் என்னிடம், “மாமா, கை சொன்னபடி கேட்கவில்லை; விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்” என்றார். அவருடைய குண்டுகள் நடுவட்டத்திற்குக் கீழே, இடப்புறமாகவே சென்று பட்டுக்கொண்டிருந்தன.

துப்பாக்கி உதைப்பதால்தானே குறி தவறுகிறது என்று நாம் நினைப்போம். கணக்கைப் பார்ப்போம். காற்றுத் துப்பாக்கியின் ஈயக் குண்டு அரை கிராம். நொடிக்கு 150 மீட்டர் அளவில் செல்வது. .22 குண்டு ஏறத்தாழ 2.6 கிராம், வேகம் நொடிக்கு 300 மீட்டருக்கு மேல். போட்டிக்குரிய .32 குண்டோ 6 கிராமுக்கு மேல். வேகம் நொடிக்கு 200 மீட்டருக்குச் சற்று அதிகம். எடையையும் வேகத்தையும் பெருக்கினால், .22இன் உதை காற்றுத் துப்பாக்கியினதைப்போற் பத்து மடங்கு; .32இன் உதை அதனினும் ஒன்றரை மடங்குக்கு மேல். இவ்வளவையும் ஒரே கை தாங்கவேண்டும். துப்பாக்கியின் எடையோ 1400 கிராமுக்கு மிகலாகாது என்பது விதி.

எனினும் குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே ஆகிறது. மனிதன் ஓர் அதிர்ச்சியை உணர்ந்து கையசைக்க அதைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட நேரம் வேண்டும். அதற்குள் துப்பாக்கி பெறும் சிறு அசைவு, பிடி மாறாதவரை, ஒவ்வொரு முறையும் ஒரே அளவினது. குறிகாட்டியைத் திருத்தி அதைச் சரிசெய்துவிடலாம். அப்படியானால் குண்டைக் கீழே தள்ளியது எது? வரப்போகும் உதையை எதிர்பார்த்து, விசை விடுபடுவதற்கு முன்னரே மணிக்கட்டு தாழ்ந்துவிட்டது. உதைத்தது துப்பாக்கி, தவறியது அதற்கு முன்பே.

இதற்குப் பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். சுடுகளத்தில், மேற்பார்வையில், உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெற்றுத் தோட்டா ஒன்றைச் சுடுவோர் அறியாமல் இட்டுக் கொடுப்பார்கள். அது வெடிக்காதபோது துப்பாக்கி முனை குனிந்தால் கள்ளம் வெளிப்பட்டுவிடும்! நம் இளைஞரின் முனை நன்றாகவே குனிந்தது. இப்பொழுது அவர் வெறுந்துப்பாக்கியில் நாள்தோறும் விசை இழுத்துப் பழகுகிறார். பிடியை இறுக்கி உதையோடு மல்லுக்கு நிற்பதில்லை. மணிக்கட்டையும் முழங்கையையும் அசையாமல் நிறுத்தி, முனை உயர்ந்து தானே பழைய இடத்திற்கு மீள விடுகிறார். 10 நொடிக்குள் 5 முறை சுடவேண்டிய போட்டியில் இந்த மீட்சியே புள்ளிகளைத் தீர்மானிக்கும்.

தேர்ந்தவர்களுக்கும் இந்த மாற்றம் நேர்ந்ததுண்டு. விரைவுச் சுடுதலில் முன்பு உதை மிகக் குறைந்த .22 குறுந்தோட்டாவே வழங்கிற்று. 2005 முதல் விதி மாறி, நீளத்தோட்டாவும் 1000 கிராமுக்குக் குறையாத விசை இழுப்பும் கட்டாயமாயின. 1992, 1996, 2004 ஆகிய ஒலிம்பிக்குகளில் பழைய முறையில் தங்கம் வென்ற ஜெர்மானியர் ரால்ஃப் ஷூமான் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. 2008இல், நாற்பத்தாறாம் வயதில், பெய்ஜிங்கில் வெள்ளி பெற்றார். நாற்பதைக் கடந்த என்போன்றோர்க்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. நம் நாட்டு விஜய் குமார் 2012இல் லண்டனில் வெள்ளி வென்றதும் இப்புதிய விதியின்கீழ்த்தான். பெருங்குழல் துப்பாக்கியிலோ, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து அன்றைய உலகச் சாதனையைச் சமன்செய்தார்.

எதிர்வீட்டு இளைஞர் போட்டியை விடவில்லை. சென்ற வாரம் காட்டிய அட்டையில் இரண்டு குண்டுகள் இன்னும் கீழே இடப்புறத்தில்தான் இருந்தன. மற்ற எட்டும் நடுவை நெருங்கியிருந்தன.