திரைக்கு முன் அமர்ந்திருப்பவர்

நுழையும்முன்

ஒரு பெரிய நிறுவனம் கணினிக்கு மாறும்போது, எத்தனை இயந்திரங்கள் வாங்கப்பட்டன, எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. அந்த இயந்திரத்தின்முன் அமர்ந்து பணியாற்றுபவர் என்ன ஆனார் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே. இந்திய வங்கிகள், பிரிட்டன் அஞ்சலகங்கள் ஆகியவற்றின் பட்டறிவைக் கொண்டு அவ்வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

பேரேடுகளின் காலம்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை, நம் நாட்டு வங்கிக் கிளைகளில் தடித்த அட்டையிட்ட பேரேடுகளே கணக்குகளைத் தாங்கி நின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம்; ஒவ்வொரு வரவுக்கும் பற்றுக்கும் ஒரு வரி. எழுத்தர் எழுதுவார், அலுவலர் சரிபார்த்துச் சுருக்கொப்பமிடுவார். மொத்த இருப்பில் சில காசுகள் வேறுபட்டாலும் பக்கம் பக்கமாகத் தேடுவர். தேடினால் பிழை அகப்படும். ஏனெனில், அஃது ஏதோ ஒரு பக்கத்தில், யாரோ ஒருவரின் கையெழுத்தில் இருந்தது. உழைப்பு மிகுந்த முறைதான் அது. ஆயினும், கணக்குக்குப் பொறுப்பானவரின் கண்ணுக்கு அக்கணக்கு முழுவதும் தெரிந்தது.

பேசி ஏற்ற மாற்றம்

1980களில் வங்கிகளுக்குள் கணினி நுழையத் தொடங்கியது. வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்குவது குறித்து ஆராய இந்திய ரிசர்வ் வங்கி, சி. ரங்கராஜன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1984ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. பலர் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்துவிட்டால் நம் பிழைப்பு என்னாகும் என்னும் அச்சம் ஊழியரிடையே பரவியது. சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. பின்னர் நிர்வாகங்களும் சங்கங்களும் பேச்சு நடத்தி 1983, 1987, 1993 ஆகிய ஆண்டுகளில் உடன்பாடுகள் செய்துகொண்டன. எவ்வகை இயந்திரங்களை எப்பணிகளுக்குப் பயன்படுத்தலாம் என்பது அவற்றில் வரையறுக்கப்பட்டது.

இதனால் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. அதனைக் குறையாகக் கூறுவோரும் உளர். இழப்பே நேரவில்லை என்றும் கூற இயலாது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது பலர் பணியிலிருந்து விலகினர். எனினும், மாற்றத்தைக் குறித்துப் பேச ஊழியர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

கேட்கப்படாத குரல்

அவ்விடம் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டன் சான்றாகிறது. அங்குள்ள கிளை அஞ்சலகங்களில் பெரும்பாலானவற்றை ஒப்பந்தத்தின்பேரில் சிறு வணிகர்களே நடத்துகின்றனர். 1999ஆம் ஆண்டு முதல் அக்கிளைகளில் 'ஹொரைசன்' என்னும் கணினி அமைப்பு நிறுவப்பட்டது. அதன்பின் பல கிளைகளில், கையிலிருந்த பணத்தைவிடக் கூடுதலான தொகையைத் திரை காட்டியது. கிளையை நடத்தியவர்கள் மீண்டும் மீண்டும் எண்ணினர், விடை கிடைக்கவில்லை. பழைய பேரேட்டைப் போல் இதனைத் திறந்து பார்க்க வழியில்லை. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலருக்கு, இச்சிக்கல் வேறு எவருக்கும் இல்லை என்ற மறுமொழியே கிடைத்தது.

குறைந்த தொகையைக் கட்டுமாறு நிறுவனம் வலியுறுத்தியது. சிலர் சேமிப்பை இழந்தனர். சிலர் வீட்டை இழந்தனர். 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண் ஒருவரும் சிறை சென்றார். கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்னும் கருத்தே நீதிமன்றங்களிலும் மேலோங்கியிருந்தது.

வேல்ஸ் பகுதியில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், தம்மைப் போன்றோரை ஒன்றுதிரட்டினார். 555 பேர் தொடுத்த வழக்கில், அவ்வமைப்பில் பிழைகள் இருந்தன என்று 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் 39 பேரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி, மேலும் நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளை நீக்கியது. ஆனால், குற்றமற்றவர் எனக் கேட்கும் நாள்வரை சிலர் உயிரோடு இல்லை.

பொறுப்பும் உரிமையும்

இவ்விரு நிகழ்வுகளும் கணினி வேண்டா என்று நமக்குக் கூறவில்லை. ஊர்விட்டு ஊர் சென்றாலும் நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடிவது கணினி தந்த நன்மையே. பிரிட்டனில் நேர்ந்த துன்பத்திற்கு மென்பொருளின் பிழை மட்டுமே காரணமன்று. பிழை இருக்கக்கூடும் என்பதை ஏற்க மறுத்த மனிதரும் காரணர். கணக்கை ஆராயும் ஆற்றல் கருவியை வைத்திருந்தவர்களிடம் சென்றது. கணக்குக்கான பொறுப்போ கிளையை நடத்தியவர்களின் தோளிலேயே தங்கியது. பொறுப்பு ஒருவரிடமும் அறியும் உரிமை வேறொருவரிடமும் இருக்குமாயின், அங்கு நீதி நிலைக்காது.

ஆகவே, புதிய முறையைப் புகுத்தும் நிறுவனம் பயிற்சி அளிப்பதோடு அமைதல் கூடாது. பணியாளர் கேள்வி கேட்கவும், ஐயத்தைப் பதிவு செய்யவும், தம் கணக்கைத் தாமே சரிபார்க்கவும் வழி செய்தல் வேண்டும். நாளை நீங்களும் ஏதேனும் ஒரு திரையின்முன் அமர்வீர்கள். அல்லது அமர்ந்திருப்பவரை மேற்பார்வை செய்வீர்கள். அப்போது ஒருவர், "திரை காட்டுவது தவறு" என்று கூறினால், அவரை ஐயுறுவதற்கு முன் அத்திரையையும் ஆராயுங்கள்.

கற்பவை கற்றபின்

1. கணினி வருவதற்கு முன்னரும் பின்னரும் பணியாற்றிய ஒருவரைச் சந்தித்து, அவர்தம் பட்டறிவை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'பொறுப்பும் அறியும் உரிமையும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.