மலைப் பாதையில் மிதிவண்டி

வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த மலை ஸ்நோடன். அதன் உயரம் 1,085 மீட்டர். உச்சிக்குச் செல்லும் பாதைகளுள் மூன்று குதிரைப் பாதைகள் என்று சட்டத்தில் பதிவு பெற்றவை. அவற்றில் மிதிவண்டி ஏறிச் செல்வோருக்கு உரிமை உண்டு. தென்சரிவில் ஏறும் வாட்கின் பாதையில் அவ்வுரிமை இல்லை. அது 1892-ஆம் ஆண்டில் பிரதமர் கிளாட்ஸ்டனால் திறந்து வைக்கப்பட்டது. மழையும் பனியும் நான்கு பாதைகளையும் தாக்குகின்றன. எந்தப் பாதையின் மண் சக்கரத்தைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்து இவ்வேற்றுமை வகுக்கப்படவில்லை. பழங்காலத்தில் எவ்வழியே குதிரை சென்றது, எவ்வழியே மனிதன் மட்டும் நடந்தான் என்னும் வழக்கே இன்றும் சட்டமாக நிற்கிறது.

வாட்கின் பாதை செல்லும் தென்சரிவில் ஹாவோட் எ லான் என்றொரு பெரும் பண்ணை உள்ளது. 1998-ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் என்னும் தரும ஸ்தாபனம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதை வாங்கியது. ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகிய மூவர் 1895-இல் நிறுவிய இந்த ஸ்தாபனம் சர்க்காரைச் சேர்ந்ததன்று. அதற்கு முதன்முதலில் தானமாகக் கிடைத்தது வேல்ஸ் கடற்கரையில் பார்மத் என்னும் ஊருக்கு மேலுள்ள சுமார் 4½ ஏக்கர் குன்று. இன்று அதன் பொறுப்பில் உள்ள நிலம் ஏறக்குறைய 2,50,000 ஹெக்டேர். 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிரந்தர உடைமையென அது அறிவித்த நிலத்தைப் பிறகு விற்க இயலாது. என்றென்றைக்கும் காக்க வேண்டிய நிலம் என்பதால், அதில் யாரை எப்படி அனுமதிப்பது என்னும் கேள்வி சாதாரண நிலச்சுவான்தாரருக்கு இருப்பதைவிட இங்கே கடினமானதாகிறது.

1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டியை அனுமதித்தது. நடப்போருக்கும் குதிரை ஏறுவோருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது மலை மிதிவண்டி என்னும் யந்திரமே தோன்றவில்லை. தடித்த டயர்களும் வலுவான பிரேக்குகளும் கொண்ட அவ்வண்டி 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவுகளில் உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் திறந்த மலைவெளிகளில் மக்கள் நடமாட வழி செய்ததேயன்றி, மிதிவண்டிக்கு இடந்தரவில்லை. இதன் விளைவாக, இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் மட்டுமே மிதிவண்டிக்கு உரிமை உண்டு. மற்ற இடங்களில் நிலச் சொந்தக்காரர் இசைந்தால் செல்லலாம். எனவேதான் வண்டியோட்டிகளின் கோரிக்கை நேரே தரும ஸ்தாபனங்களின் வாயிலுக்கு வருகிறது.

சக்கரம் மலையைக் கெடுக்கிறது என்பது நடப்போரின் நெடுநாளைய முறையீடு. இதைச் சோதித்தறிய 1994-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் காட்டுப் பாதைகளில் நடத்தப்பட்டது. மனிதர், குதிரை, மோட்டார் சைக்கிள், மிதிவண்டி ஆகிய நான்கையும் பாதையில் பலமுறை செலுத்தி, பின்னர்ச் செயற்கை மழை பொழிவித்து, எவ்வளவு மண் கரைந்து வருகிறது என்று அளந்தனர். குளம்பும் காலும் பெயர்த்த மண், சக்கரங்கள் பெயர்த்த மண்ணைவிட அதிகமாயிருந்தது. கனடாவின் ஆன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2001-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், காட்டுத் தரையில் 500 தடவை வரை நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் பார்த்தனர். இரண்டினாலும் விளைந்த சேதத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தெரியவில்லை. சேதமும் பெரும்பாலும் தடத்தின் நடுப்பகுதியோடு நின்றது.

இம்முடிவுகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தலாகாது. 500 தடவை என்பது புகழ்பெற்ற மலையொன்றில் ஒரு விடுமுறை நாளில் நடந்துவிடக்கூடியது. மேலும், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை அழுத்திச் சக்கரம் உருளாமல் சறுக்கினால், தடத்தில் நீண்ட பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் அப்பள்ளமே வாய்க்காலாகிறது. மண்ணை அடித்துச் செல்வது தண்ணீர். சக்கரம் அதற்கு வழிகாட்டி விடுகிறது. ஆதலால் பாதையமைப்போர் சரிவில் நேரே இறங்காமல் குறுக்கே வளைத்துச் செல்லும் தடத்தையே விரும்புவர். பாதையின் சாய்மானம், அது கடக்கும் மலைச்சரிவின் சாய்மானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பது அவர்களுடைய கைக்கணக்கு. தடத்தின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்தினால் நீர் அதன்மேல் ஓடாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். இவ்வாறு அமைத்த தடம் காலையும் சக்கரத்தையும் ஒருங்கே தாங்கும். அமைக்காத தடம் காலுக்கும் தாங்காது.

தரும ஸ்தாபனத்தின் கவலை மண்ணோடு முடிவதில்லை. தென் இங்கிலாந்தின் புதர்வெளிகளில் பக்கி இனப் பறவை வெறுந்தரையில் முட்டையிடுகிறது. கோடைக்காலத்தில் தடத்தை விட்டு விலகும் ஒரு வண்டியே கூட்டை அழித்துவிடக் கூடும். வண்டியோட்டிகளில் சிலர் அனுமதியின்றி மரங்களுக்கிடையே மண்ணைத் தோண்டித் துள்ளுமேடுகள் கட்டுகின்றனர். அவற்றை இடித்தால் சில வாரங்களில் அடுத்த சரிவில் புதியவை எழும். இத்தகைய இடங்களில் தடை மட்டும் பயன் தருவது அரிது. டெவன் மாவட்டத்தில் பிளிமத் நகரை அடுத்த பிளிம்பிரிட்ஜ் காட்டில் நேஷனல் டிரஸ்ட் மிதிவண்டிக்கென்றே தடங்களை ஏற்படுத்தியுள்ளது. ஸ்நோடனிலோ வேறொரு வழி கண்டனர். மே முதல் நாளிலிருந்து செப்டம்பர் இறுதிவரை, காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே உச்சிக்குச் செல்லும் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதில்லை என்பது அங்குள்ள உடன்பாடு. சட்டம் தந்த உரிமையை வண்டியோட்டிகள் தாமே சுருக்கிக்கொண்டிருக்கின்றனர்.

ஸ்காட்லாந்தில் நிலைமை முற்றிலும் வேறு. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடந்தோ மிதிவண்டியிலோ செல்லலாம் என்கிறது. சதுப்பான, இளகிய தரையை விலக்க வேண்டும் என்று அதையொட்டிய நடத்தை விதிகள் கூறுகின்றன. ஸ்காட்லாந்துக்கான நேஷனல் டிரஸ்ட் 1995-இல் வாங்கிய மார் லாட்ஜ் எஸ்டேட்டின் பரப்பு சுமார் 29,000 ஹெக்டேர். அங்கு பென் எ வூர்ட் மலைமேல் 1960-களில் யந்திரங்களால் வெட்டப்பட்ட மோட்டார்ப் பாதை ஒன்று இருந்தது. அதை அகற்றி, பழைய தாவரப் போர்வையை மீட்கும் பணியில் அந்த ஸ்தாபனம் ஆண்டுக்கணக்கில் ஈடுபட வேண்டியதாயிற்று. உயரமான குளிர்ப்பிரதேசங்களில் புல்லும் பாசியும் மெல்லவே வளர்கின்றன.

அதே எஸ்டேட்டில் டீ நதிக்கரையிலிருந்து டெரி லாட்ஜ் என்னும் பழைய வேட்டை மாளிகை வரை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தூரம் கெட்டியான வண்டிப்பாதை செல்கிறது. மலையேறுவோர் பலர் அதுவரை மிதிவண்டியில் வருகின்றனர். அதற்கப்பால், அரைகுறையாக மக்கிய தாவரங்கள் படிந்த ஈரத்தரை அடிக்கடி குறுக்கிடுகிறது. வண்டிகளைப் பைன் மரங்களின் அருகே விட்டுவிட்டு, அவர்கள் நடக்கத் தொடங்குகின்றனர்.