பெரிய கோயிலின் நிழல் எங்கே?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். முதலாம் இராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த அதன் விமானம் 200 அடிக்கு மேல் உயரமானது. "இதன் நிழல் தரையில் விழாது" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். காலையிலோ மாலையிலோ சென்றால், நிழல் முற்றத்தில் நீண்டு கிடப்பதைக் காணலாம். கட்டிய பெருந்தச்சர்களுக்கு இப்படியொரு பொய்ப் பெருமை தேவையே இல்லை!

ஆனால் இந்தப் பேச்சு எப்படிப் பிறந்திருக்கும்? நண்பகலை எண்ணிப் பாருங்கள். தஞ்சை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நிற்கும். விமானத்தின் அடிப்பாகமோ சுமார் 30 மீட்டர் அகலம். உச்சியின் குட்டை நிழல் அந்த அகலத்தைத் தாண்டாமல் கோயிலின் மேலேயே விழுந்துவிடுகிறது.

டிசம்பர் 22 அன்று சென்று பாருங்கள். நண்பகலில், அதாவது கடிகாரம் சுமார் 12.12 காட்டும்போது, ஒரு மீட்டர்க் குச்சியை நேராக நிறுத்தினால் நிழல் சுமார் 68 செ.மீ. இருக்கும். அதே விகிதத்தில் விமான உச்சியின் நிழல், மையத்திலிருந்து வடக்கே 40 மீட்டருக்கு மேல் தள்ளித் தரையில் விழும். சுவரிலிருந்து அளந்தால் 15 மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தை 0.68-ஆல் வகுத்தால் உயரம் கிடைக்கும். நூல்கள் தரும் உயரங்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபடுகின்றன. உங்கள் விடை எதற்கு அருகில் வருகிறது?